ரத்த அழுத்தம் இதயத் துடிப்பைக் குலைப்பது எப்படி?

ரத்த அழுத்தம் பார்க்கும் மின்னணுக் கருவியைக் கையில் கட்டிச் சில நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்தால் மூன்று எண்கள் வரும். மேல் எண் 138, 134, 136 என்று வந்தால் அந்தச் சிறு வேறுபாடு இயல்பு. சிலருக்கு 168, 131, 152 என்று தாவும். வீட்டில் உள்ளவர்கள் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார்கள், கருவி பழுது என்று ஒதுக்கியும் வைப்பார்கள். கருவி சரியாக இருந்து, கையும் அசையாமல் இருந்து, அப்போதும் எண்கள் இப்படித் தாவினால் காரணம் இதயத் துடிப்பிலேயே இருக்கக்கூடும். ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு வலுவில் வரும்போது எந்தக் கருவியாலும் ஒரே எண்ணைக் காட்ட முடியாது.

உயர் ரத்த அழுத்தமும் துடிப்பு ஒழுங்கின்மையும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது தற்செயல் அல்ல. ‘பி.பி. ஏறியதால் படபடப்பா, படபடப்பால் பி.பி. ஏறியதா?’ என்று மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டுமே நடக்கலாம். பயமும் பதற்றமும் இரண்டையும் சேர்த்தே தூண்டிவிடும். பத்து இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் வரிசை தெளிவாகிவிடும். அழுத்தம் முன்னால் வருகிறது, இதயத்தின் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறிய இதயத்தில் பிறகு தாளம் கெடுகிறது.

சீரான துடிப்பு

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலறைகள் இரண்டும் ரத்தத்தை வாங்கிக் கீழே அனுப்புகின்றன. கீழறைகளில் வலப்பக்கத்து அறை நுரையீரலுக்கும் இடப்பக்கத்து அறை உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகின்றன. கையில் பட்டை கட்டி அளக்கும் 120, 140 என்ற எண்கள் இடப்பக்கக் கீழறையின் உழைப்பைக் காட்டுபவை. இடப்பக்க மேலறைக்கு இவ்வளவு அழுத்தம் பழக்கமே இல்லை. அங்கே அழுத்தம் 12 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள்தான் இருக்கும். அதற்கேற்ப அதன் சுவரும் சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள மெல்லிய தசை.

துடிப்பைத் தொடங்கிவைப்பது வலப்பக்க மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் முடிச்சு. ஓய்வில் அது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை சிறு மின்தூண்டலை எழுப்பும். தூண்டல் மேலறைகள் முழுவதும் பரவி அவற்றைச் சுருங்கவைக்கும். அறைகளுக்கு நடுவில் உள்ள ஏவி முடிச்சில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவு தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்கும். அந்தச் சிறு தாமதத்துக்குள் மேலறை தன்னிடம் எஞ்சிய ரத்தத்தைக் கீழறைக்குள் தள்ளி முடித்துவிடுகிறது. கீழறை நிரம்புவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கடைசித் தள்ளலால் வருவது.

அழுத்தம் மேலறையை எட்டும் வழி

உயர் அழுத்தத்தை நேரடியாகத் தாங்குவது கீழறைதான். அது எப்படி மேலறையை எட்டுகிறது? ஆந்திரத்தின் நாயுடுபேட்டை, ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரங்களில் பழைய ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேல் ஏரி நிரம்பினால் நீர் மதகு வழியாகக் கீழ் ஏரிக்கு இறங்கும். கீழ் ஏரியில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்துவிட்டால் இறங்கவேண்டிய நீர் மேலேயே தேங்கும். குறைந்த நீருக்கென்று போட்ட மேல் ஏரிக் கரை நாளாக ஆகப் பிதுங்கி, இளகி, விரிசல் விடும். மழை அதே அளவுதான் பெய்திருக்கும். கோளாறு கீழ் ஏரியில் தொடங்கியது, சேதம் மேல் ஏரியில் தெரிகிறது.

இதயத்தில் நடப்பதும் இந்த வரிசையில்தான். தமனிகளில் அழுத்தம் உயர்ந்தே இருந்தால் ஒவ்வொரு முறையும் கீழறை கூடுதல் விசையோடு தள்ளவேண்டும். உழைக்கும் தசை தடிக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கவேண்டிய சுவர் ஒன்றரை சென்டிமீட்டரை எட்டுவதும் உண்டு. தடித்த சுவர் விறைப்பானது. சுருங்கியபின் தளர்ந்து ரத்தத்துக்கு இடம்கொடுக்க அதனால் எளிதில் முடியாது. மேலறை அதிக அழுத்தத்தோடு ரத்தத்தை இறக்கவேண்டியதாகிறது. மெல்லிய சுவர் இழுபட்டு அறை விரிகிறது. எக்கோ பரிசோதனையில் இடப்பக்க மேலறையின் குறுக்களவு பொதுவாக 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நெடுநாள் கட்டுப்பாடில்லாத அழுத்தம் உள்ளவர்களுக்கு அது இந்த அளவைத் தாண்டியிருப்பதை எக்கோ அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கலாம்.

நடுக்கம் பிறப்பது

விரிந்த சுவரில் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. இழுபட்ட தசை இழைகளுக்கு நடுவே நார்த்திசு வளர்கிறது. தழும்பு போன்ற இந்தத் திசு மின்தூண்டலைக் கடத்தாது. உயர் அழுத்தம் உள்ள பலரின் உடலில் மிகுந்து சுரக்கும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் இந்த நார்த்திசு வளர்ச்சியைத் தூண்டவும் செய்கின்றன. இதனால் ஒரே சீராகப் பரவவேண்டிய மின்தூண்டல் தழும்புத் திட்டுகளைச் சுற்றி வளைந்து போகிறது. ஓரிடத்தில் வேகமாகவும் இன்னோரிடத்தில் மெதுவாகவும் போகிறது. சுற்றிவந்த தூண்டல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அதே தசையை மறுபடி தூண்டினால் சுழல் உண்டாகிவிடும்.

இரண்டாவது மாற்றம் தூண்டல் பிறக்கும் இடத்தில். நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள் இடப்பக்க மேலறையில் வந்து சேர்கின்றன. அந்தச் சிரைகளின் வாய்க்குள் மேலறைத் தசை சிறிது நீண்டிருக்கும். அது இழுபடும்போது தானாகவே தூண்டல்களை எழுப்பத் தொடங்கலாம். தாறுமாறான இந்தத் தூண்டல்கள் தழும்பேறிய சுவரில் பட்டால் பல சுழல்கள் ஒரே நேரத்தில் ஓடும். மேலறை நிமிடத்துக்கு 350 முதல் 600 தூண்டல்களில் சிக்கி, சுருங்கவும் முடியாமல் தளரவும் முடியாமல் நடுங்கும். இதுதான் மேலறை நடுக்கம். மருத்துவமனைகளில் இதை ஏட்ரியல் ஃபைப்ரில்லேஷன் அல்லது சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள்.

அத்தனை தூண்டல்களும் கீழே இறங்கினால் உயிர் தங்காது. ஏவி முடிச்சு பெரும்பாலானவற்றைத் தடுத்து, சிலவற்றை மட்டும் விடுகிறது. எதை விடும், எதைத் தடுக்கும் என்பதில் ஒழுங்கு கிடையாது. மருந்து எடுக்காதவரின் கீழறை நிமிடத்துக்கு 100 முதல் 160 முறை வரை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடைவெளிகளில் துடிக்கும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் துடிப்பில் கீழறை நன்றாக நிரம்பியிருக்கும், அழுத்தம் ஓங்கும். குறுகிய இடைவெளிக்குப் பின் வருவது பாதி நிரம்பிய அறையின் துடிப்பு, அழுத்தம் தாழும். கருவியில் எண்கள் தாவியதற்குக் காரணம் இதுவே. சில துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டுவதே இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் 124 இருக்கும். அதே நிமிடத்தில் இன்னொருவர் நாடியைப் பிடித்து எண்ணினால் 96 தான் கிடைக்கும். எளிதில் செய்துபார்க்கக்கூடிய இந்தச் சோதனை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

உயர் அழுத்தம் உள்ளவருக்கு இந்த நடுக்கம் கூடுதல் சுமை. விறைத்த கீழறை தானாக நிரம்பாது. மேலறையின் கடைசித் தள்ளலையே பெரிதும் நம்பியிருக்கும். நடுக்கத்தில் அந்தத் தள்ளல் நின்றுபோகிறது. நேற்றுவரை மாடி ஏறியவர் இன்று நான்கு படியில் மூச்சு வாங்கி நிற்பது இதனால்தான்.

எப்படித் தெரியவந்தது

உயிர் பிரியும் விலங்குகளின் இதயத்தில் மற்ற பாகங்கள் அடங்கியபிறகும் மேலறை அலைவதை 1628-இல் வெளிவந்த தம் நூலில் வில்லியம் ஹார்வி எழுதினார். மனிதரிடம் அதைப் பதிவுசெய்யக் கருவி வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் ஈசிஜி கருவியை உருவாக்கி, 1906-இல் வெளியிட்ட பதிவுகளில் இத்தகைய ஒழுங்கற்ற நாடியையும் சேர்த்தார். லண்டனில் தாமஸ் லூயிஸ் 1909-இல் இது அரிதான விசித்திரம் அல்ல, நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவது என்று நிறுவினார். ஈசிஜி தாளில் ஒவ்வொரு பெரிய அலைக்கும் முன்னால் வரவேண்டிய ‘பி’ என்ற சிறு மேடு மறைந்திருக்கும், அடிக்கோடு நடுங்கியிருக்கும், பெரிய அலைகளின் இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. இன்றும் நோயை உறுதிசெய்வது இந்த மூன்று அடையாளங்களை வைத்துத்தான்.

அழுத்தத்தோடு உள்ள தொடர்பு நோயாளியை ஒரு நாள் பார்ப்பதால் தெரியாது. ஒரே மக்கள்கூட்டத்தைப் பல்லாண்டுகள் பின்தொடரவேண்டும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948-இல் 5,209 பேருடன் தொடங்கிய ஆய்வு அதைச் செய்தது. 38 ஆண்டுப் பதிவுகளை வைத்து 1994-இல் வந்த முடிவு இது: வயது முதலிய பிற காரணங்களைக் கழித்தபிறகும், உயர் அழுத்தம் உள்ள ஆண்களுக்கு மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.5 மடங்கு, பெண்களுக்கு 1.4 மடங்கு. வால்வு நோயும் இதயச் செயலிழப்பும் இதைவிட வலுவான காரணங்கள். ஆனால் அவை சிலருக்கே உண்டு. உயர் அழுத்தமோ ஊரில் பலருக்கு. அதனால் மொத்த எண்ணிக்கையில் பார்த்தால் அதிகம் பேரை நடுக்கத்துக்குக் கொண்டுசேர்ப்பதில் அழுத்தமே முன்னிற்கிறது.

சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருப்பது வேறு. அந்த ஐயத்தைத் தீர்க்க விலங்குச் சோதனைகள் உதவின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் செம்மறி ஆடுகளுக்குச் சிறுநீரகத் தமனியைக் குறுக்கி அழுத்தத்தை உயர்த்தி, 15 வாரங்கள் வரை இதயத்தைப் பரிசோதித்தார்கள். வாரங்கள் செல்லச் செல்ல மேலறை விரிவதும், நார்த்திசு கூடுவதும், மின்தூண்டல் மந்தமாவதும், தூண்டிவிட்ட நடுக்கம் நீடிப்பதும் தெரிந்தன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1995-இல் வெள்ளாடுகளிடம் நடந்த சோதனை இன்னொன்றைக் காட்டியது. செயற்கையாக நடுக்கத்தைத் தூண்டினால் முதலில் அது விரைவில் அடங்கிவிட்டது. நாள்கணக்கில் திரும்பத் திரும்பத் தூண்டியபின் அடங்காமல் தொடர்ந்தது. நடுக்கமே மேலறையின் மின்தன்மையை மாற்றி அடுத்த நடுக்கத்துக்கு வழி செய்கிறது. 1998-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷேல் ஐசாகேர் குழுவினர் பெரும்பாலான தொடக்கத் தூண்டல்கள் நுரையீரல் சிரைகளின் வாயில் பிறப்பதை மனிதர்களிடமே கண்டார்கள். அந்த இடத்தைச் சுட்டுத் தனிமைப்படுத்தும் அப்லேஷன் சிகிச்சை இதிலிருந்து வளர்ந்தது.

கடைசிச் சான்று சிகிச்சையிலிருந்து வந்தது. அழுத்தம்தான் காரணம் என்றால் அதைக் குறைத்தால் நடுக்கமும் குறையவேண்டும். அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மேல் எண்ணை 120-க்குக் கீழும், மற்றவர்களுக்கு 140-க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். முதல் பிரிவில் புதிதாக மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைந்திருந்ததை 2020-இல் வெளியிட்டார்கள். லோசார்டன், அட்டெனலால் என்ற இரு மருந்துகளை ஒப்பிட்ட லைஃப் ஆய்வில் இரண்டும் அழுத்தத்தை ஏறக்குறைய சமமாகக் குறைத்தன. ஆனாலும் லோசார்டன் எடுத்தவர்களிடம் புதிய நடுக்கம் 33 சதவீதம் குறைவு. லோசார்டன் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்து என்பதால் நார்த்திசு பற்றிய விளக்கத்துக்கு இது வலுச் சேர்த்தது.

இந்தியாவில் இரண்டு பாதைகள்

மேலை நாடுகளின் கதையை இந்தியாவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இங்கே மேலறை நடுக்கத்துக்கு இன்னொரு பழைய பாதையும் இருக்கிறது. சிறுவயதில் தொண்டையில் வரும் ஸ்டிரெப்டோகாக்கஸ் தொற்று சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். ஏரிக்கணக்கில் சொன்னால் கீழ் ஏரி நன்றாகவே இருக்கிறது, மதகுதான் துருப்பிடித்து அடைத்துக்கொண்டது. மேலறைக்கு விளைவு ஒன்றே. இந்திய இதயத் துடிப்புச் சங்கத்தின் பதிவேட்டில் 24 மையங்களிலிருந்து 1,537 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். 47.6 சதவீதம் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய்; 31.4 சதவீதம் பேருக்கு உயர் அழுத்தம். சராசரி வயது 55-ஐ ஒட்டியே இருந்தது. பின்னர் கேரளத்தில் 53 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பதிவேட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உயர் அழுத்தம் இருந்தது. வறுமையோடும் நெரிசலோடும் வரும் வால்வு நோய் குறையும் இடங்களில் அழுத்தம் முன்னுக்கு வருகிறது.

அழுத்தத்தின் பரப்பைச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் காட்டியது. இந்தியாவில் 20 வயதைக் கடந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். திருப்பதி மாவட்டத்தில் உள்ள நாயுடுபேட்டை போன்ற ஊர்களுக்கு இதில் உப்பு முக்கியமான செய்தி. சிறுநீரில் வெளியேறும் சோடியத்தை அளந்து 2017-இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஆந்திர மக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 9.5 கிராம் அளவு உப்பு உண்பது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம். ஆவக்காய், கோங்குரா ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், பழவேற்காடு ஏரிக்கரைப் பக்கத்துக் கருவாடு ஆகியவை உப்பிலேயே வாழும் உணவுகள். சாதத்தில் இரண்டு வேளை ஊறுகாய் பிசைந்தாலே வரம்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத் தடை, மது, உடல் பருமன், நீரிழிவு ஆகியவை அழுத்தத்தையும் நடுக்கத்தையும் சேர்த்தே வளர்க்கின்றன.

மூளைக்கு வரும் ஆபத்து

மேலறை நடுக்கத்தின் ஆபத்து இதயத்தோடு முடிந்துவிடுவதில்லை. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்குகிறது. இடப்பக்க மேலறையின் ஓரத்தில் விரல் நுனி அளவில் ஒரு பை உண்டு. வால்வு நோய் இல்லாதவர்களிடம் உறைகட்டிகளில் பத்தில் ஒன்பது அங்கேதான் உருவாகின்றன. கட்டி பிய்த்துக்கொண்டு மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம். ஃபிராமிங்ஹாம் கணக்கில் மேலறை நடுக்கம் பக்கவாத வாய்ப்பை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது. உயர் அழுத்தம் தனியாகவும் மூளைத் தமனிகளைக் கெடுக்கக்கூடியது. அதனால் நடுக்கம் உள்ளவருக்கு ரத்த உறைதடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவர் கூட்டிப் பார்க்கும் மதிப்பெண்ணில் உயர் அழுத்தத்துக்கும் ஒரு புள்ளி உண்டு.

அசிட்ரோம், வார்ஃபாரின் ஆகியவை நெடுநாள் புழக்கத்தில் உள்ள உறைதடுப்பு மாத்திரைகள். இவற்றை எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்யவேண்டும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான் ஆகிய புதிய மருந்துகளுக்கு அது தேவையில்லை. ஆனால் ருமாட்டிக் வால்வு நோயோடு நடுக்கம் உள்ளவர்களுக்குப் பழைய மருந்தே மேல் என்று 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் காட்டியது. ஆஸ்பிரின் இவற்றுக்கு மாற்றாகாது. உறைதடுப்பு மருந்து எடுப்பவரின் அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அடைப்பைத் தவிர்க்கவும் கசிவைத் தவிர்க்கவும் அழுத்தக் கட்டுப்பாடு வேண்டும்.

மற்ற ஒழுங்கின்மைகள்

எல்லா ஒழுங்கின்மையும் மேலறை நடுக்கம் அல்ல. சீராகப் போகும் நாடியில் எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வந்து, அடுத்து ஒரு சிறு இடைவெளி விழுவது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் தீங்கற்றது. தடித்த கீழறை உள்ளவர்களுக்கு இத்தகைய துடிப்புகள் அதிகம் வந்தால் பரிசோதனை தேவை. அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் துடிப்பைப் பாதிக்கும். சிறுநீரைப் பெருக்கும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு ஆகியவை பொட்டாசியத்தைக் குறைத்து முந்திய துடிப்புகளைத் தூண்டக்கூடும். மெட்டோபிரலால், அட்டெனலால் போன்றவை நாடியை மந்தமாக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது இதற்கு வழியல்ல. ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்து மருத்துவர் மாற்றித்தருவார்.

கண்டறிவதும் கட்டுப்படுத்துவதும்

மேலறை நடுக்கம் பலருக்கு எந்த உணர்வும் தராது. சிலருக்கு வந்து வந்து போகும். ஆகவே அழுத்தம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நாடியையும் பார்ப்பது நல்லது. உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தபின், கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். இரண்டு துடிப்பு நெருங்கி வந்து, ஒன்று தள்ளிப்போய், ஒன்று ஓங்கி, ஒன்று மெலிந்து, அடுத்தது எப்போது என்று விரலுக்குப் பிடிபடாமலே போனால் ஈசிஜி எடுக்கவேண்டும். நாடி ஒழுங்கில்லாதபோது தானியங்கிக் கருவியின் ஒரே அளவை நம்பக்கூடாது; மூன்று அளவுகள் எடுத்துச் சராசரி பார்க்கவேண்டும். ஈசிஜி வசதி சிறிய ஊர் மருத்துவமனைகளிலும் உண்டு. நடுக்கம் உறுதியானால் எக்கோ, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள் தேவை. நாயுடுபேட்டைப் பக்கத்தவர்களுக்கு அதற்குத் திருப்பதியின் ஸ்விம்ஸ் முதலிய பெரிய மருத்துவமனைகள் உண்டு.

சிகிச்சையில் மூன்று வேலைகள் சேர்ந்து நடக்கும்: உறைகட்டியைத் தடுப்பது, துடிப்பின் வேகத்தையோ தாளத்தையோ சீராக்குவது, அடிப்படைக் காரணத்தைக் கட்டுப்படுத்துவது. மூன்றாவதில் நோயாளியின் கையில் இருப்பது அதிகம். பெரும்பாலோருக்கு 130/80-க்குக் கீழே அழுத்தத்தை வைப்பதே இலக்கு. உப்பைப் பாதியாக்குவது, எடையைக் குறைப்பது, மதுவை விடுவது, மாத்திரையை விடாமல் எடுப்பது ஆகியவை மேலறையின் மீதுள்ள சுமையை இறக்குகின்றன. தழும்பேறிய பிறகு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது கடினம். நாற்பது வயதில் தொடங்கும் கட்டுப்பாடு அறுபதில் தொடங்குவதைவிட அதிகம் காப்பது இதனால்தான்.

நடுக்கம் உள்ளவருக்கோ உயர் அழுத்தம் உள்ளவருக்கோ திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் காத்திருக்கக்கூடாது, 108-ஐ அழைக்கவேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்வது அந்த நேரத்தில் வீட்டார் செய்யக்கூடிய மிக முக்கியமான உதவி.